பாலாடை நிற எண்கள்

பொட்டலத்தைப் பிரித்தபோது
அதற்கு வயது பதினோரு நாள்.
எண்கள் மட்டும்
ஆறிய பாலில் படிந்த ஆடைபோல்
மஞ்சளோடிக் கிடந்தன.

சாயம் வெளுத்துவிடும் என்று
பயமுறுத்துவார்கள்.
இது வெளுத்த சாயத்தையே பூசிக்கொண்டு
பிறந்து வந்திருக்கிறது,
நரைத்த தலையோடு ஒரு சிசு.

இது என் ஒன்பதாவது கைக்கடிகாரம்.
ஒன்றுகூடப் பழையதில்லை,
எல்லாமே பழையதுபோல.
ஐம்பதுகளின் முகம்,
அன்றைய பிளாஸ்டிக்கைப்போலவே
குவிந்து நிற்கும் நீலமணிக் கண்ணாடி,
தேதி காட்டும் சன்னல் கிடையாது
(அதற்காகவே இருபது யூரோ அதிகம் கொடுப்பேன்).
சுற்றளவில் மட்டும் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது.

"ஒரே நேரத்தை எத்தனை தடவை வாங்குவாய்?"
என்கிறாள் பிர்க்கோ.
அவளிடம் பதினான்கு பனிக்காலணிகள் இருப்பதை
நான் சொல்லவில்லை.

ஔலு நகரத்து மருத்துவமனையில்
எக்ஸ்ரே எடுப்பவன் நான்.
டிசம்பரில் இங்கே சூரியன்
பத்தரைக்கு வந்து இரண்டுக்குக் கிளம்பிவிடும்,
பகுதிநேர ஊழியன் மாதிரி.
இருட்டில் சைக்கிள் மிதித்து வந்து
இருட்டில் திரும்புகிறவனுக்கு
மணிக்கட்டில் ஒரு துளிப் பச்சை
ஆடம்பரம் என்றால்
சரி, ஆடம்பரம்தான்.

கதிர்ப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹில்க்கா
பழைய சாமான் சந்தையில்
அசலை வாங்கி வந்தாள்:
என்னுடையது யாரைப் பார்த்து வேஷம் கட்டியதோ
அதே ஆள்.
மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து
அளவுமானியை நீட்டினாள்.
என்னுடையதன் மேல் மௌனம்.
அவளுடையதன் மேல்
எண்ணெயில் கடுகு போட்டதுபோல்
படபடவென்று பொரிந்தது.

விளக்கை அணைத்தோம்.
அசல் இருண்டு கிடந்தது.
"பூச்சு எப்போதோ எரிந்து செத்துவிட்டது.
ரேடியம்தான் சாகவில்லை,
அது பாதியாகவே
ஆயிரத்து அறுநூறு வருஷம் வேண்டும்."
என்னுடையது
ஒன்றும் தெரியாததுபோல் ஒளிர்ந்தது.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.
தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி
எண் எழுதிய பெண்களைப் பற்றி
எங்கோ படித்திருக்கிறேன்.
நான் ஆசைப்பட்ட நிறம்
முதுமை இல்லை, கருகல்.
யாரோ ஓர் ஆலையில்
வண்ண அட்டையை வைத்துக்கொண்டு
இன்னும் கொஞ்சம் மஞ்சள், இன்னும் கொஞ்சம் என்று
அந்தக் கருகலைக் கலக்கியிருக்கிறார்கள்,
விஷத்தை மட்டும் நீக்கி.
விஷம் நீக்கியதற்கு நன்றி சொல்வதா,
கருகலை விற்றதற்குக் கோபிப்பதா?
கோபம் வரவில்லை.
தலையணைக்கடியில் அது டிக் டிக் என்றது.

ஹில்க்கா தன்னுடையதை
ஈயப் பெட்டியில் வைத்துச் சீட்டு ஒட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை
தாவெத்தி என்ற பெரியவர் வந்தார்.
கடைவாசல் பனியில் சறுக்கி
இடது மணிக்கட்டு முறிந்திருந்தது.
கையைத் தட்டில் பொருத்த
விளக்கைத் தணித்துக் குனிந்தேன்.
அவர் கண் என் கையில் நின்றது.

"இது என்னிடம் இருந்தது."
"நல்ல கடிகாரம்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.
"ஏன் மஞ்சளாக இருக்கிறது?"
"பழைய மாடல் இல்லையா, அதனால்தான்."
அவர் வலியிலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
"என்னுடையது வெள்ளையாகத்தான் இருந்தது.
புதிதாக அல்லவா வாங்கினேன்."

என்னிடம் பதில் இல்லை.
எவரும் கட்டியிராத ஒரு கடந்தகாலத்தைத்
தோல்வாரில் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.
ஆனால் நாலு மணி எண்ணருகே ஒரு கீறல்:
போன வாரம் இந்த அறையின் கதவு போட்டது.
அதற்கு யாரும் சாயம் கலக்கவில்லை.

"அசையாமல் இருங்கள்" என்று சொல்லி
கண்ணாடிக்கு அப்பால் போனேன்.
அவர் அசைந்துவிட்டார்.
இரண்டாவது முறை எடுக்க வேண்டியதாயிற்று.